ஏழாம் நாள் ரத்தமும் நம்மூர்ச் சிக்கனமும்

"தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப் போறோம்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்கிற ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைப் பற்றி யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். நான் பி.காம். மாணவன். வைத்தியம் சொல்ல வரவில்லை, கணக்கு மட்டும் பேசுகிறேன்.

இன்னொருவரின் ஸ்டெம் செல்லை டிரிப்ஸ் மாதிரி ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். கொடையாளியின் வெள்ளையணுக்கள் சில சமயம் நோயாளியின் உடம்பையே அந்நியனாக நினைத்துத் தோல், குடல், ஈரல் என்று தாக்கத் தொடங்கிவிடும். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனை அடிக்கிற கதை! இதற்குப் பெயர் ஜிவிஹெச்டி. அதிலும் குடல் தாக்குதல்தான் எமன்.

தடிப்பும் பேதியும் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் துப்பு கிடைக்கிறது. எஸ்டி2, ரெக்3ஆல்ஃபா என்று இரண்டு புரதங்கள். இரண்டாவது குடல் செல்களில் உண்டாவது; குடல் சேதமானால் ரத்தத்துக்குள் கசிகிறது. 11 மையங்களின் 1,287 நோயாளிகளை வைத்து மேஜிக் என்ற கூட்டமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 7-ம் நாள் ரத்தத்தைப் பார்த்தே பிரித்தார்கள். நோய் திரும்பாமல், சிகிச்சையின் சிக்கலாலேயே ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள், 'அபாயம் அதிகம்' என்று வந்தவர்களில் 28 சதவீதம். மற்றவர்களில் 7. நாலு மடங்கு சார்!

எதிர்த்தரப்புக்கும் ஒரு சீட்டு இருக்கிறது. அபாயம் அதிகம் என்று வந்த 30 பேருக்கு முன்கூட்டியே ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் கொடுத்தும், ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜிவிஹெச்டி குறையவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. சரி, தோற்றது மருந்து. சோதனை ஏன் பழி சுமக்க வேண்டும்? பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலிலேயே ஐயக்கடன் ஒதுக்கு என்று சொல்லித் தருகிறார்கள். கடனை வசூலிக்க வழி தெரியாவிட்டாலும், வராமல் போகலாம் என்று தெரிந்தால் தயாராகலாம் அல்லவா?

நம் பக்கம் இது வெறும் தத்துவம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே இந்தச் சிகிச்சை தொடங்கியது. ராஜபாளையத்திலிருந்து வேலூர் சுமார் 500 கி.மீ. பொதுவாக முதல் நூறு நாள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சத்திரப்பட்டியிலோ தறியை நிறுத்திவிட்டுப் போகிற குடும்பத்துக்கு வாடகை, சாப்பாடு, போன கூலி எல்லாம் செலவுதான். (ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர் சத்திரப்பட்டி. என்ன பொருத்தம்!) யாருக்கு நூறு நாளும் போதாது, யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யார் ஊருக்கு வந்த பிறகு லேசான பேதி என்றாலும் அன்றே பஸ் ஏற வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு எண் இருந்தால், அது 'தெரிஞ்சு என்ன பண்ண' சமாச்சாரமா?

பணக்கார நாட்டுச் சோதனையாம். டெங்குவுக்குச் செய்கிறார்களே எலைசா, அதே முறைதான். தலசீமியா குழந்தைகளின் மாற்று சிகிச்சைக்கு 2017 முதல் கோல் இந்தியா 10 லட்சம் வரை கொடுக்கிறது. அந்தப் பத்து லட்சத்தில் ஒரு டியூப் ரத்தத்துக்கு இடமில்லையா? அந்தப் பழைய எண்கள் நம் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்று இங்கேயே சரிபார்க்கத்தான் வேண்டும். அதற்கு முதலில் 7-ம் நாள் ரத்தத்தை எடுத்து, பெயரெழுதி, உறைய வைக்க வேண்டும். பணம் கொடுக்கிற ஒவ்வொரு திட்டமும் இதை ஒரு நிபந்தனையாகவே போடட்டும்.