ஆண்டி லெனர்டுக்குக் கொடுத்த 800 டொலர்

எங்கள் டிவிஷன் பையன் ஒருத்தன் கிரிக்கெட் தெரிவுக்கு பதுளை டவுனுக்குப் போனான். நல்ல வேகமாகப் பந்து போடுவான். இரண்டு நாள் பேரு போச்சு, பஸ் காசு போச்சு, இரவல் சப்பாத்து கடித்துக் காலெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாளும் வரச் சொன்னார்கள். போகவில்லை. அவன் சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டில் கடைக் கணக்கு தீரும்.

"திறமை இருந்தா எப்படியும் மேல வரலாம்" என்று லயத்தில் ஆறுதல் சொன்னார்கள். நாங்கள் அதை நம்பவில்லை. ஏன் என்று சொல்ல, பேஸ்போல் ஆடிய ஓர் அயர்லாந்துக்காரர் கதை வேண்டும்.

பேரு ஆண்டி லெனர்ட். சிரிக்காதீங்க, அங்கே அது சாதாரணப் பேருதான். 1846இல் அயர்லாந்தின் கவன் பகுதியில் பிறந்தார். உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்த காலம். அதே 1840களில்தான் நம்ம ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். லெனர்ட் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அவர் நின்ற இடம் இடப்பக்க அவுட்ஃபீல்ட். நம்ம பவுண்டரி ஓரம் மாதிரி. கையுறை கிடையாது, வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்று பெரிய மனிதர்கள் பேசினார்கள். மறைவில் கொடுக்கவும் செய்தார்கள். 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டொக்கிங்ஸ் அணி அந்த நாடகத்தை விட்டுவிட்டு, எல்லா ஆட்டக்காரருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் பேசியது. லெனர்டுக்கு ஒரு சீசனுக்கு 800 டொலர். அந்த வருஷம் சங்க அணிகளோடு ஆடிய 57 ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். வேறு வேலைக்கு ஓடாமல் மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் ஜெயிக்காமல் என்ன செய்வார்கள்?

பிறகு பொஸ்டனில் 1872 முதல் 1878 வரை ஏழு சீசன், ஆறு சம்பியன் பட்டம். 1874இல் அந்த அணி இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய் பேஸ்போலோடு கிரிக்கெட்டும் ஆடியது, பதினொரு பேருக்கு எதிராகப் பதினெட்டுப் பேரை இறக்கி! பஞ்ச காலத்தில் பிறந்த பிள்ளை, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனாக டப்ளினில் இறங்கியது.

உடனே முரளியைக் காட்டுவார்கள். முரளியின் தாத்தாதான் தோட்டத்துக்கு வந்தவர். அப்பாவுக்கு பிஸ்கட் தொழில், முரளி படித்தது கண்டி அந்தோனியார் கல்லூரியில். 800 விக்கெட் அவர் உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பயிற்சிக்குப் போன நாளில் அவர் வீட்டில் பேரு வெட்டுப்படவில்லை.

தேர்தல் வந்தால் நம்ம டீமுக்கு டீசேர்ட் வரும், ஒரு பெட்டி பந்து வரும். வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிவுக்கும் பயிற்சிக்கும் போகிற நாளுக்கு முழுப் பேரு போடுங்கள், பஸ் காசு கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். தோட்ட நிர்வாகமோ மாகாண விளையாட்டுத் திணைக்களமோ, யார் தருவது என்பதை அவர்கள் பேசி முடிக்கட்டும்.

அந்தப் பையன் இப்போது முதுகில் மருந்து டேங்க் சுமந்து மலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து போடுகிறான். இன்னும் வேகமாகத்தான் இருக்கிறது.