தமிழ் மனு ஆங்கிலமான கதை

என் தந்தைக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் உள்ளே இருப்பதைக் கேட்டறியாமல் எந்தத் தாளிலும் பேனாவை வைக்கமாட்டார்.

எங்கள் வல்லத்திராக்கோட்டை நிலத்துக்குப் பட்டா மாற்ற ஒரு மனு வேண்டியிருந்தது. ஒரு தட்டச்சுக் கடையில் அடித்து, சரிபார்க்கும்படி கோப்பை என் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். "இனிமேல் நான் கல்லூரியில் இருந்தாலும் இதுவே படித்துக் காட்டும், கேளுங்கப்பா" என்று பெருமையோடு கைப்பேசியை நீட்டினேன். அது "ஜே, கே, பி, ஓ" என்று ஆங்கில எழுத்துகளாக அடுக்கத் தொடங்கிற்று.

"என்னடா தம்பி, இங்கிலீசுல எழுதிப்புட்டாங்களா?" என்றார் அப்பா.

நண்பர்களே, அதுதான் உண்மை! பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் கட்டியவை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி: இதுவே பாமினியில் 'தமிழ்'. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வேடம் கலைந்துவிடும். அச்சிட்ட தாளில் மட்டும் வேறுபாடே தெரியாது. அதனால்தான் பலருக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்று ஆணையிட்டது. (அப்போது நான் அ, ஆ எழுதப் பழகிக்கொண்டிருந்தேன்!) இன்னுமா பழைய எழுத்துரு?

கடைக்கார அண்ணனிடமே கேட்டேன். "முப்பது வருசமா விரல் பழகிப்போச்சு தம்பி" என்றார். தட்டச்சில் முதுநிலை தேறியவர். அவர் விரல்களை நான் மதிக்கிறேன். ஆனால் விரலை யார் மாற்றச் சொன்னது? என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் தட்டச்சுப்பொறி விசைமுறையும் உண்டு, பாமினி முறையும் உண்டு. அதே விசையை அதே விரலால் அழுத்தலாம். பதிவாவது ஒருங்குறித் தமிழ். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது என்னும் அச்சகத்தாரின் சங்கடம் மெய்தான். மனு அடிப்பதற்குப் பேஜ்மேக்கர் எதற்கு? எனக்கு எரிச்சல் இங்கேதான்.

அன்றிரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்த மனுவை இட்டேன். நொடியில் ஒருங்குறித் தமிழானது. கைப்பேசி படிக்க, அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கையை உயர்த்தினார்.

"நிறுத்து. சர்வே நம்பர் தப்பா இருக்கு."

மறுநாள் திருத்தி அடித்து வந்த பிறகே கையெழுத்துப் போட்டார்.