வரைபடம் பின்னர்தான் வந்தது

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவிற்று, மருத்துவர் ஜான் ஸ்னோ சாவுகளை வரைபடமொன்றில் கறுப்புக் கோடுகளாகக் குறித்தார், அவை பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் குவிந்தன, குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், கொள்ளைநோய் நின்றது. அறிவியல் எழுதும் நண்பர்கள் சலிக்காமல் சொல்லும் கதை இது. இதில் வரிசையும் பிழை, முடிவும் பிழை என்கிறோம்.

கைப்பிடி அகற்றப்பட்டது செப்டம்பர் 8 அன்று. ஸ்னோவின் வரைபடம் அவைக்கு வந்தது டிசம்பரில்; நூலில் அச்சேறியது 1855இல். கைப்பிடி கழலும் முன்பே சாவுகள் குறையத் தொடங்கியிருந்தன. மக்கள் அப்பகுதியை விட்டு ஓடியதும் அதற்கொரு காரணம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார்.

அவர் முதலில் நாடியது இறப்புப் பதிவேட்டை. பின்னர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று விசாரித்தார். குவியலோடு ஒத்துப்போகாத செய்திகள்தாம் அவ்விசாரணையின் உயிர். குழாய்க்கு அருகிலேயே இருந்த மதுவடிசாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர். காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. போலந்து தெரு ஏழையர் விடுதியிலும் தனிக் கிணறு. 535 பேரில் இறந்தோர் ஐவரே. ஆனால் சில மைல்களுக்கு அப்பால், காலரா இல்லாத ஹாம்ஸ்டெட்டில் ஒரு கைம்பெண் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவைக்காக அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். இவ்வம்மையார் ஸ்னோவின் வரைபட எல்லைக்குள்ளேயே இல்லை!

'ஆயினும் படம் உண்மையைக் காட்டியதே' என்பர். யாருக்குக் காட்டியது? கழிவுநீர் ஆணையத்தின் பொறியாளர் எட்மண்ட் கூப்பர், ஸ்னோவுக்கு முன்பே அதே சாவுகளை வரைபடத்தில் குறித்தார். புதிய சாக்கடைகள்மீது பழியில்லை என்று நிறுவுவதற்கு அது உதவியது. சுகாதார வாரியத்தின் குழுவும் விரிவான வரைபடத்தோடு அறிக்கை வெளியிட்டது. ஸ்னோவின் கருத்தையோ தள்ளிவிட்டது. கெட்ட காற்றை நம்பியவர்க்கு அதே குவியல் கெட்ட காற்றின் சான்றாயிற்று.

ஸ்னோவை மறுக்கப் புறப்பட்டவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். தம் பகுதி மக்களை, அவர்களில் சிலரைப் பலமுறை, கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஸ்னோவின் பக்கமே வந்து சேர்ந்தார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் பேதி கண்டு இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் மலக்குழியில் கொட்டினாள் என்பதைக் கண்டறிந்தவர் அவரே. 1855இல் தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கற்கள் இற்றுப் போயிருந்தன. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடிகூட இல்லை.