வீரக்கதை பெண்ணுக்கும் உரியது

குளத்தூர், பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லையூர்கள் கேரளத்திலேயே நிற்க, களியக்காவிளைக்கு அப்பாலுள்ள விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பின்னரும், இரு புறத்துக்கும் பொதுச் சொத்தாக எஞ்சிய கலைகளுள் ஒன்று வில்லுப்பாட்டு. கொடை எனப்படும் ஊர்த்தெய்வ விழாவில், மணி கட்டிய நீண்ட வில்லின் நாணை வீசுகோல்களால் தட்டிக் கதையை நடத்திச் செல்பவர் அண்ணாவி அல்லது புலவர் எனப்படுகிறார். குடமும் உடுக்கையும் தாளமும் அவருக்குத் துணை நிற்கின்றன. அந்த இடத்தில் பெண் அமர்வதை இன்று பல ஊர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும் வள்ளி திருமணம் போன்ற மென்மையான கதைகளே பெண்குரலுக்குப் பொருந்தும், போர்க்கதையும் உக்கிரத் தெய்வத்தின் கதையும் ஆணுக்கே உரியவை என்னும் எண்ணம் இன்னும் அகலவில்லை. அந்த எண்ணத்துக்குக் கதைகளிலேயே ஆதாரம் இல்லை.

தென்திருவிதாங்கூரில் தமிழும் மலையாளமும் விரவப் பாடப்பட்டு, மலையாளத்தில் தெக்கன் பாட்டுகள் என்று தொகுத்துச் சொல்லப்படும் கதைப்பாடல்களைப் பார்த்தாலே இது விளங்கும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை வீரக்கதைதான். ஆனால் கேட்போரை உலுக்குவது, தீக்கனவு கண்ட மனைவி அவரைப் போருக்குப் போகாமல் தடுத்து மன்றாடும் பகுதி. பெண்களே ஆளும் நாட்டின் அரசி போர்க்களம் புகுவதைப் பாடுகிறது புருஷாதேவி கதை. வஞ்சிக்கப்பட்டு மாண்டு பழிவாங்க மீளும் நீலியின் கதை முழுவதும் ஒரு பெண்ணின் சினம். இவற்றையெல்லாம் ஆண் அண்ணாவிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். பெண்ணின் புலம்பலை ஆண் பாடுவது பொருந்தாது என்று எவரும் தடுத்ததில்லை, தடுக்கவும் கூடாது. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தம்மைத் தலைவியாக நிறுத்திப் பாடிய மொழி இது. ஆணுக்குப் பெண்குரல் எட்டும் என்றால், பெண்ணுக்குப் படைத்தலைவனின் குரல் எட்டாது என்பது எந்த நியாயம்?

கொட்டாரம் பூங்கனி, சிறுவயதில் வேறு பெண்கள் வில்லிசைப்பதைக் கண்டு அதன்மேல் பற்றுக்கொண்டு, பல பத்தாண்டுகள் கோயில்தோறும் பாடி, 2018இல் வறுமையில் மறைந்தார். பெண் அண்ணாவி நேற்றுத் தோன்றிய புதுமை அல்லர் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. சத்தீசுகரின் பாண்டவானி என்னும் மகாபாரதக் கதைப்பாட்டில் பெண்கள் அமர்ந்து பாடுவதே வழக்கமாக இருக்க, ஆண்களுக்குரியதாகக் கருதப்பட்ட, எழுந்து நின்று நடித்துப் பாடும் காபாலிக முறையைத் தீஜன் பாய் மேற்கொண்டு கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 2019இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது.

எதிர்வாதங்களுள் சுதி பற்றியது மட்டுமே ஆராயத்தக்கது. ஆண்களுக்குப் பழகிய சுதியில் பெண் பாடினால் குரல் நெரியும், அவருக்கேற்ப உயர்த்தினால் பின்பாட்டுக்காரர் திணறுவர் என்பது உண்மையே. ஆர்மோனியத்தில் கட்டையை மாற்றி, உடுக்கையின் கயிற்றை அதற்கேற்ப இழுத்துப் பிடித்து, சில வாரம் ஒத்திகை பார்த்தால் தீர்ந்துவிடும் இடர்ப்பாடு இது. விரதமும் கண்விழிப்பும் பெண்ணால் இயலாது என்போர், அதே கொடையில் விடியும்வரை பொங்கலிட்டுக் குலவையிடும் பெண்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்ணூரிலுள்ள கேரள நாட்டார் கலை அகாதமியும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும், எல்லைக்கோட்டால் இரண்டுபட்ட இக்கலைக்குக் கூட்டாகப் பயிற்சி நடத்தி, முழுநீளக் கதைகளைப் பெண்களுக்கும் பாடம் சொல்லித்தர மூத்த அண்ணாவிகளுக்கு ஊதியம் அளிக்க வேண்டும். கோயில் கமிட்டிகள் பெண் குழுவுக்கு அச்சாரம் கொடுக்கும்போது, மாலை நேரத்துச் சிறுகதையோடு அவர்களை அனுப்பிவிடாமல், எந்தக் கதை நன்கு பாடம் என்று அவர்களிடமே கேட்டு, சாமியாடிக்கு அருள் வரும் நள்ளிரவுப் பாட்டையும் அவர்களுக்கே ஒதுக்க வேண்டும். வரும் கொடைக் காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.