உச்சிமரத்து மைனாவும் நம் விறகும்

இறக்குவானை, தெனியாய பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சிங்கராஜ வனம் தூரமில்லை. அங்கே வெண்முக மைனா என்றொரு பறவை உண்டு. கருஞ்சாம்பல் முதுகு, வெளுத்த முகம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மர உச்சியிலேயே பழமும் பூச்சியும் தின்று வாழும். தரைக்கு இறங்குவது அபூர்வம். அதனால் நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. முட்டையிட அதற்கு மரப்பொந்து வேண்டும். முதிர்ந்த மரம் விழுந்தால் வீடும் போச்சு. வீட்டுரிமைக்காகப் போராடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காடு அழிகிறதென்றால் முதலில் விரல் நீளுவது விறகுக்கட்டு சுமக்கும் நம் பெண்களை நோக்கித்தான். ஆனால் 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவில் பெருமரங்களைச் சாய்த்தது அரசாங்கத் திட்டம். மக்கள் எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அது நின்றது. 1988இல் அதே காடு உலக மரபுரிமை ஆனது.

ஆகவே தோழர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்: கவ்வாத்து மிலாறு தொழிலாளருக்கே கிடைக்க வேண்டும், காட்டோரத்து முதிர்ந்த மரங்களைத் தோட்ட நிர்வாகங்கள் வெட்டக்கூடாது. அடுப்பும் எரியட்டும், பொந்தும் இருக்கட்டும்.