“மூன்றரை மணித்தியாலத்தில் ஜித்தா” என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் உம்றாவுக்குப் போக இருப்பவர்கள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

வட்ஸ்அப் குரூப்களில் ஒரு பக்கேஜ் நோட்டிஸ் சுற்றுகிறது. பகல் 2 மணிக்குக் கட்டுநாயக்க, மாலை 5.30க்கு ஜித்தா, “மூன்றரை மணித்தியாலப் பயணம்”. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படி விடை எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன். நமது கடிகாரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு, சவூதியின் கடிகாரம் 45 பாகைக்கு. வித்தியாசம் 37½. பதினைந்தால் வகுத்தால் இரண்டரை மணித்தியாலம். ஆகவே அந்தப் பயணம் ஆறு மணித்தியாலம். திரும்பி வரும்போது இதே கடிகாரம் எட்டு மணித்தியாலம் என்று காட்டும், உண்மையில் ஐந்தரைதான். மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது மறிக்கும்.

இது அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்ததை விட முடியாது.

கொழும்புக்கும் ஜித்தாவுக்கும் நேர்கோட்டில் சுமார் 4,650 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் சுமார் 5,000. கூடுவது 350 கிலோமீற்றர்தான், விமானத்துக்கு அரை மணித்தியாலமும் இல்லை. நேரத்தைத் தின்பது தூரமல்ல, ட்ரான்சிட். மலிவு டிக்கட்டில் ஒன்பது மணித்தியாலம் காத்திருப்பு இருந்தால் மொத்தம் பதினாறைத் தாண்டும். கல்முனையிலிருந்து வருபவருக்கு அதற்கு முன்னால் வானில் ஏழெட்டு மணித்தியாலம், எயார்போட்டில் மூன்று. இறங்கிய பிறகு மக்காவுக்கு பஸ். இதில் எதுவும் நோட்டிஸில் இல்லை. “டுபாய் வழியாக” என்று மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

போகிறவர்கள் யார்? பெரும்பாலும் நமது உம்மா, வாப்பாமார். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி. இன்சுலின் எத்தனை மணிக்குப் போடுவது, எந்தக் கடிகாரப்படி போடுவது என்று டொக்டரிடம் கேட்கவேண்டுமானால் பயணம் எத்தனை மணித்தியாலம் என்று முதலில் தெரியவேண்டாமா? கட்டுநாயக்கவிலேயே இஹ்ராம் உடுத்திக்கொண்ட எழுபது வயது மனிதர், மீகாத் இரண்டாவது விமானத்தில்தான் வரும் என்று தெரியாமல், இரண்டு துணியோடு ஏசிக் குளிரில் ஒன்பது மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் சொல்லியிருந்தால் இந்த நிலை இல்லை.

கேட்டால் “இபாதத்துக்குப் போறீங்க, சபூர் செய்யுங்க ஹாஜியார்” என்று பதில். அல்லாஹ் தரும் கஷ்டத்துக்குத்தான் சபூர். முகவர் லாபத்துக்காக மறைத்த கஷ்டத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. விற்கும் பொருளின் குறையை மறைக்கக்கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டுத்தான் இவர்களும் எழும்பிப் போகிறார்கள். ட்ரான்சிட் பக்கேஜ் விற்பது தவறில்லை. காசு குறைவு என்று தெரிந்தே அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்து எடுக்கட்டும்.

எல்லா முகவர்களும் இப்படியில்லை. ஒழுங்காகச் சொல்பவர்களுக்கு இதில் கோபம் வராது.

முற்பணம் கட்டமுன் விமான நேரங்களையும் ட்ரான்சிட் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். “பிறகு சொல்றேன்” என்றால் காசையும் பிறகு கொடுங்கள். நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு விளங்காமல் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள், பாஸ்போர்ட் விபரம் வேண்டாம். மக்ரிபுக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.