கப்பல் யாருக்கு? சாவு யாருக்கு?

எங்காவது ஒரு வர்த்தகக் கப்பல் பிடிபட்டால் போதும், "படையை அனுப்பு! மாலுமிகளை மீட்டு வா!" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் கூச்சல் போடத் தொடங்கிவிடும். கடலில் உழைத்துப் பிழைக்கும் மாலுமி மீது இவர்களுக்குத் திடீர்ப் பாசம் ஏன்? இந்தப் பாசத்தின் லட்சணத்தை அறிய 1975 மே மாதத்தைப் பாருங்கள்.

ஏப்ரல் 30ந் தேதி சைகோன் வீழ்ந்தது. வியத்நாம் மக்களிடம் உதை வாங்கிய அமெரிக்க ஏகாதிபத்தியம் முகத்தில் கரியோடு வெளியேறியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 12ந் தேதி கம்போடியாவுக்கு அருகே 'மாயாகெஸ்' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கெமர் ரூஜ் படகுகள் பிடித்தன. கப்பலில் சுமார் 40 மாலுமிகள்.

கெமர் ரூஜுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. தன் சொந்த ஜனங்களையே லட்சக்கணக்கில் கொன்று குவித்த கும்பல் அது. ஆனால் வாஷிங்டன் செய்தது என்ன?

ஜனாதிபதி போர்டு "கடற்கொள்ளை" என்று முழங்கினார். சீனா மூலம் ஒரு செய்தி அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் படையை ஏவினார்கள். 'எங்கள் மண்ணைப் பயன்படுத்தாதே' என்றது தாய்லாந்து சர்க்கார். அதையும் மீறி அங்கே படையைக் கொண்டு வந்து இறக்கினார்கள். 13ந் தேதி தாய்லாந்திலேயே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 23 பேர் மாண்டனர். சண்டை தொடங்கும் முன்பே 23 பிணம்!

14ந் தேதி மாலுமிகளை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு போனார்கள். அதை மறிக்க அமெரிக்க விமானங்கள் சுட்டன. கண்ணீர்ப் புகைக் குண்டு வீசின. யாரை மீட்க வந்தார்களோ அவர்கள் தலை மீதே!

15ந் தேதி காலை கோ தாங் தீவில் மரைன் படை இறங்கியது. அங்கே மாலுமி ஒருவரும் இல்லை. தீவில் பலத்த ஆயுதங்களோடு எதிரிகள் இருப்பதாக வேவுத் தகவல் உண்டு. அது தாக்கப் போன சிப்பாய்களின் கைக்கு வந்து சேரவேயில்லை! கப்பலில் ஏறினார்கள், அதுவும் காலி. அதே காலையில் கம்போடியர்களே மாலுமிகளை விடுவித்து, மீன்பிடிப் படகில் அனுப்பிவிட்டார்கள். அனைவரும் உயிரோடு வந்து சேர்ந்தனர்.

"குண்டு போட்டதால்தான் விட்டார்கள்" என்பார்கள். பொய்! கம்போடியக் கரையில் குண்டு விழுமுன்பே, கப்பலை விடுவதாகப் பினாம்பென் வானொலி அறிவித்துவிட்டது.

மாலுமிகள் வந்த பிறகாவது சாவு நின்றதா? இல்லை. தீவில் சிக்கிய படையை வெளியே எடுக்க இரவு வரை சண்டை நடந்தது. சுமார் 6,800 கிலோ எடையுள்ள ராட்சதக் குண்டையும் போட்டார்கள். கடைசியில் இருட்டில் மூன்று மரைன்களைத் தீவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பவேயில்லை.

கணக்கைப் பாருங்கள்: மீண்ட மாலுமிகள் சுமார் 40, மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 41. கம்போடியத் தரப்பில் மாண்டவர்களை யார் எண்ணினார்கள்?

"பின் மாலுமிகளைக் கைவிடச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை! 1968ல் வட கொரியா 'பியூப்ளோ' என்ற அமெரிக்க வேவுக் கப்பலைப் பிடித்தது. பிடிபட்டவர்கள் சித்திரவதை பட்டார்கள், உண்மைதான். ஆனாலும் 11 மாதம் பேசியதில் 82 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். பேச்சுவார்த்தை மெதுவானது, ஆனால் தாயிடம் மகனைத் திருப்பிக் கொடுத்தது.

போர்டுக்குப் பொறுமையில்லை. வியத்நாமில் போன மானத்தை மாயாகெஸ்ஸில் மீட்க நினைத்தார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்! தேங்காய் ஏழை வீட்டுப் பிள்ளை, புண்ணியம் ஜனாதிபதிக்கு. கருத்துக்கணிப்பில் அவர் செல்வாக்கு 11 புள்ளி உயர்ந்தது.

தோழர்களே! ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் நாம் அன்றாடம் காணும் கணக்கு இது. வீறாப்பு முதலாளிக்கு, காயம் தொழிலாளிக்கு!

வாஷிங்டனில் வியத்நாம் யுத்தத்தில் மாண்டவர்களுக்குக் கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் கடைசிப் பெயர்கள் இந்த 41 பேருடையவை. அவர்களை அனுப்பியவர்களின் பெயர் அதில் இல்லை. நாளை இன்னொரு கப்பல் பிடிபடும். அதே கூச்சல் எழும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மீட்கப் போவது மாலுமியையா, மந்திரியின் மீசையையா?